கல்வெட்டு சொல்லாத குற்றம்

கீழப்பழுவூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் முகத்தில் அடிப்பது சோழர் காலத்துக் காற்று அல்ல, லாரி கிளப்பும் புழுதி. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையும், திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகிற சாலையும் வெட்டிக்கொள்கிற ஊர் இது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. டீக்கடையில் நின்று இரட்டைக் கோயிலுக்கு வழி கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“படம் பாத்துட்டு வந்தீங்களா தம்பி?”

“படமும் பாத்தேண்ணே, புக்கும் படிச்சிருக்கேன்.”

“புக்கு படிச்சவங்கன்னா ஒண்ணு கேக்கணும். நம்ம ஊர் ராசா பேரு படத்துல வந்துச்சு, சந்தோசம்தான். ஆனா ஆளக் கெட்டவனாப் போட்டுட்டாங்களே. நெசமாவே அவருக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தம் உண்டுங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து பாகத்தையும் இரண்டு தடவை படித்தவன் நான். பெரிய பழுவேட்டரையரின் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்விக்கு, “கதைதானேண்ணே” என்று சிரித்து மழுப்பிவிட்டு நடந்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அது சமாதானமான சிரிப்பு இல்லை.

படம் பார்த்துவிட்டு, அல்லது நாவலை முடித்துவிட்டு, “அடுத்து என்ன படிக்கலாம்?” என்று கேட்கிற நண்பர்கள் நிறைய. பெரும்பாலும் இன்னொரு சரித்திர நாவலைத்தான் கைகாட்டுகிறோம். இந்தக் கட்டுரை வேறு சில புத்தகங்களைக் கைகாட்டுகிறது. எல்லாம் புனைவல்லாதவை. அந்த டீக்கடைக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது நான் படித்தவை.

*

முதலில் கதை செய்தவரிடமிருந்தே தொடங்கலாம். சுந்தா எழுதிய ‘பொன்னியின் புதல்வர்’ கல்கியின் வாழ்க்கை வரலாறு. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாவல் மாதிரி ஓடும். பள்ளிப்படிப்பை விட்டுவிட்டு ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போய்ச் சிறை சென்ற இளைஞன், ‘நவசக்தி’யில் திரு.வி.க.விடம் வேலை பார்த்து, ‘ஆனந்த விகட’னை வளர்த்து, 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தமாகக் ‘கல்கி’ பத்திரிகை தொடங்கிய கதை அது. அந்தப் பத்திரிகைக்கு முதல் போட எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். தமிழில் வெகுஜனப் பத்திரிகை, சினிமா, சங்கீதம், அரசியல் நான்கும் ஒரே கூடத்தில் எப்படி உட்கார்ந்திருந்தன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரம் தவறாமல் வந்தது. மணியம் படம் வரைந்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பழுவேட்டரையர் ஏன் அப்படி ஆனார் என்பது புரியும். மூன்றரை வருடம் வாரா வாரம் வாசகரை இழுத்துப் பிடிக்கக் கதைக்கு இரண்டு கட்சி வேண்டும். சுந்தர சோழரின் பிள்ளைகள் பக்கம் கொடும்பாளூர் வேளிர் என்றால், மதுராந்தகன் பக்கம் நிற்க இன்னொரு பெரிய குடும்பம் வேண்டும். கஜானா சாவி ஒரு தம்பியிடம் இல்லை, அண்ணனிடம். கோட்டைக் காவல் தம்பியிடம். பனைமரக் கொடி, பல்லக்கு, வயதான கணவன், இளம் மனைவி, நள்ளிரவில் கடம்பூர் மாளிகையில் கூட்டம். தொடர்கதை இலக்கணப்படி பார்த்தால் பிசகே இல்லாத ஏற்பாடு.

கல்கி அவரை மட்டமான வில்லனாக விட்டுவிடவும் இல்லை. கடைசி பாகத்தில் தன் குலத்துக்கு வந்த பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு தன்னையே மாய்த்துக்கொள்கிற அந்தக் கிழவர்தான் நாவலில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம். ஆனால் நினைவு நீதிமன்றம் மாதிரி வேலை செய்வதில்லை. ஐந்து பாகத்தில் நாலரை பாகம் சதிகாரராக இருந்தவர், கடைசியில் எவ்வளவு கம்பீரமாகச் செத்தாலும் சதிகாரர்தான்.

அச்சில் இருந்தது மேடைக்கும் போனது. எம்.ஜி.ஆர். 1958இல் படமாக எடுப்பதாக அறிவித்தார், நடக்கவில்லை. 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு சென்னை நந்தனத்தில் திறந்தவெளி நாடகமாகப் போட்டது. 2022 செப்டம்பர் 30ஆம் தேதி மணிரத்னம் படத்தின் முதல் பாகம் வெளியானது. பெரிய பழுவேட்டரையராகச் சரத்குமார், சின்னவராகப் பார்த்திபன். எழுபது வருடமாக வாசகர்கள் தங்கள் மனசுக்குள் வைத்திருந்த முகம், ஒரு வார இறுதியில் எல்லாருக்கும் ஒரே முகமாகிவிட்டது. இனி பழுவூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர் ராஜாவை நினைத்தால் வரப்போவது அந்த முகம்தான்.

*

கொலையைப் பற்றி நமக்கு இருக்கிற நேரடிச் சான்று கீழப்பழுவூரிலிருந்து அதே சிதம்பரம் சாலையில் போனால் கிடைக்கிறது. ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி தாண்டி அரியலூர் மாவட்டத்தை விட்டு வெளியே வந்தால் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவர் பட்டத்துக்கு வந்தது 985 என்பதால் 987 வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்வெட்டு சொல்வது இது: பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகளையும், அவர்களுக்கு உறவானவர்களின் சொத்துகளையும் பறிமுதல் செய்ய வேண்டும் என்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஆணை அனுப்புகிறான். துரோகிகளின் பெயரும் இருக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பிரம்மாதிராஜன் என்பது அரச வேலையில் உயர்ந்த இடத்தில் இருந்த பிராமணர்களுக்குக் கொடுத்த பட்டம். ஆக, அரண்மனைக்கு வெளியே இருந்த முகம் தெரியாத கூலிக்காரர்கள் இல்லை இவர்கள்.

நாவல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் உடனே அடையாளம் தெரியும். கல்கி இவர்களைப் பாண்டிய ஆபத்துதவிகளாக ஆக்கினார். அதாவது கொன்றவர்களின் பெயரைக் கல்வெட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். நந்தினியைத் தன் கற்பனையிலிருந்து சேர்த்தார். பழுவேட்டரையரை வேறு கல்வெட்டுகளிலிருந்து கொண்டுவந்து இவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். உடையார்குடிச் சுவரில் பழுவூர் என்ற சொல்லே கிடையாது.

இந்த விவகாரத்தை விரிவாகப் படிக்க இரண்டு புத்தகங்கள். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935லும் 1937லும் இரண்டு தொகுதிகளாக வந்தது. தமிழில் ‘சோழர்கள்’ என்ற பெயரில் கிடைக்கிறது. இன்னொன்று தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’. அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு. முதல் பகுதி வந்தது 1949இல், அதாவது கல்கி தொடரை ஆரம்பிப்பதற்கு முந்தின வருடம். பண்டாரத்தார் பிறந்த ஊர் திருப்புறம்பியம். சோழர்கள் தலையெடுக்கக் காரணமான போர் நடந்த மண்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் ருசி. சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்படுகிறார். கொலைக்குப் பிறகு உத்தமன் ஆண்ட காலம் முழுக்கத் துரோகிகள் தண்டிக்கப்படாமல், ராஜராஜன் வந்த பிறகு நடவடிக்கை வருகிறதே, ஏன்? இதுதான் அவர் கேள்வி. பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. உத்தமனுக்குக் கொலையில் பங்கு இருந்திருந்தால் அவன் அரியணை ஏற நாட்டு மக்களும் அருள்மொழியும் இசைந்திருப்பார்களா என்று திருப்பிக் கேட்கிறார். ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள். வரலாறு என்பது மனப்பாடம் செய்கிற பாடம் அல்ல, வழக்கு மன்றம் என்று எனக்குப் புரிந்தது இந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவில்தான்.

கவனிக்க வேண்டியது, இந்த வாக்குவாதத்திலும் கூண்டில் நிற்பது உத்தம சோழன்தான். பழுவேட்டரையர் அல்ல.

*

அப்படியானால் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர் யார்?

இதற்கு நான் பரிந்துரைப்பது இரா. கலைக்கோவனின் ‘பழுவூர்ப் புதையல்கள்’, ‘பழுவூர்: அரசர்கள், கோயில்கள், சமுதாயம்’ இரண்டும். கலைக்கோவன் திருச்சியில் கண் மருத்துவர். அங்கே டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையத்தை நடத்துபவர். கண் மருத்துவர் என்பது எழுத்தில் தெரியும். சிற்பத்தின் காதணியில் தொடங்கி, தூணின் போதிகை வரை ஒன்றையும் விடாமல் பார்க்கிற ஆள். கதை எதிர்பார்த்துப் போனால் முதல் ஐம்பது பக்கம் கஷ்டமாக இருக்கும். கோயிலுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போய், சுவரைப் பார்த்துப் பார்த்துப் படித்தால் விட முடியாது.

இன்னும் ஆழமாகப் போக ஆசை இருந்தால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள். பழுவூர்க் கல்வெட்டுகள் பல 13ஆம் தொகுதியிலும் 19ஆம் தொகுதியிலும் இருக்கின்றன. மூல வாசகம் தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருக்கும். இவற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சோழ அரசர்கள் மாற்றி மாற்றி ‘ராஜகேசரி’, ‘பரகேசரி’ என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பட்டம். “ராஜகேசரிக்கு யாண்டு பத்தாவது” என்று மட்டும் ஒரு கல் சொன்னால், அது ஆதித்தனா, சுந்தர சோழனா, ராஜராஜனா என்பதை எழுத்தின் வடிவத்தையும் கூடவே வருகிற ஆட்களின் பெயரையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 13ஆம் தொகுதி ராஜகேசரிகளுக்கு, 19ஆம் தொகுதி பரகேசரிகளுக்கு. பழுவேட்டரையர்களின் வரிசையை அறிஞர்கள் அடுக்கியதும் இந்தச் சிக்கலுக்குள் புகுந்துதான்.

அந்த வரிசையைச் சுருக்கமாகச் சொன்னால்: முதலாம் ஆதித்தன் காலத்தில் குமரன் கண்டன், குமரன் மறவன். முதலாம் பராந்தகன் காலத்தில் கண்டன் அமுதன். பிறகு மறவன் கண்டன். ராஜராஜன் காலத்தில் கண்டன் மறவன். நூறு வருடத்துக்கு மேல் ஒரே ஊரில், சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள். ‘பெரிய’, ‘சின்ன’ என்பது கல்கி வைத்த அடைமொழி. பழுவேட்டரையர் என்பது ஒரு ஆளின் பெயரே அல்ல, குடிப்பெயர்.

இவர்களுடைய பூர்வீகம் சேர நாட்டோடு தொடர்புடையது. பழுவூர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்திலேயே மலையாளர் இங்கே வழிபடுகிற செய்தி வருகிறது. அன்பில் செப்பேடு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. முதலாம் பராந்தகன் கேரள அரச குலத்தவரான பழுவேட்டரையரின் மகளை மணந்தான், அவர்களுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன் என்று.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு விரல் விட்டு எண்ணினேன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழனின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. அதாவது ராஜராஜனின் பாட்டனைப் பெற்றவள் பழுவூர்ப் பெண். நாவலில் யாரைக் கவிழ்க்கப் பழுவூரார் சதி செய்கிறார்களோ, அந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டி வீடு பழுவூர்!

இன்னொரு விசேஷம். அன்பில் செப்பேடு சுந்தர சோழன் தன் அமைச்சருக்கு நிலம் கொடுத்ததைப் பதிவு செய்கிற ஆவணம். அந்த அமைச்சர் யார்? அநிருத்த பிரம்மாதிராஜர். நாவலில் பழுவேட்டரையருக்கு எதிர்க்கட்சித் தலைவர் மாதிரி இருக்கிற அதே அநிருத்தர். அவருக்கான செப்பேட்டில்தான், அரசன் தன் பாட்டி பழுவூர் வீட்டுப் பெண் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

பராந்தகன் காலத்தில் பாண்டியனும் ஈழத்துப் படையும் சேர்ந்து வந்தபோது வெள்ளூரில் பெரிய போர். அதில் சோழர் பக்கம் நின்று சண்டை போட்டவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதன். இதைச் சொல்கிற கல்வெட்டு வெற்றித் தூணில் இல்லை. கோயிலுக்கு விளக்கு வைத்த செய்தியில் போகிற போக்கில் வருகிறது. கல்வெட்டு படிப்பதன் சுகமே இதுதான். கல் நமக்காகப் பேசுவதில்லை. ஆட்டுக்கும் நெய்க்கும் நிலத்துக்கும் கணக்கு எழுதுகிறது, நாம் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறோம். இன்னொரு கல் பழுவூரில் வாங்க வேண்டிய வரியை நந்திபுரத்து வழக்கப்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பழுவூர்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்குக் கண்டன் சுந்தரசோழன் என்றே பெயர். சதி செய்யப்போகிறவர்கள் அரசன் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

*

ஒரு எச்சரிக்கை. உடையார்குடிக் கல்வெட்டில் பெயர் இல்லை என்பதாலேயே ஒருவர் நிரபராதி ஆகிவிட முடியாது. ஒரு கல்வெட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: கொலைக்கும் தண்டனைக்கும் பிறகு பழுவூருக்கு என்ன நடந்தது?

துரோகிகளுக்குப் பெண் கொடுத்தவர், எடுத்தவர் வரை சொத்தைப் பறித்தவன் ராஜராஜன். அவனே ஆண்ட காலத்தில், கண்டன் மறவன் பழுவேட்டரையர் என்ற பட்டத்தோடு பழுவூரில் இருக்கிறார். கற்றளி எடுக்கிறார். நிலக்கொடை தருகிறார். ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவி பழுவூரோடு தொடர்புடையவர். அண்ணனைக் கொன்ற சதியில் பங்கு கொண்ட வீடாக இருந்தால் இது எப்படி? எனக்குத் தெரிந்த பதில், பங்கு இல்லை என்பதுதான்.

பஞ்சவன் மாதேவியைப் பற்றி இன்னும் கொஞ்சம். கும்பகோணம் பக்கம் பட்டீஸ்வரத்துக்கு அருகே ராமநாதன் கோயில் என்ற இடத்தில் ஒரு சிறிய கற்றளி இருக்கிறது. பஞ்சவன் மாதேவீச்சரம். ராஜேந்திரன் காலத்தில் எழுந்த பள்ளிப்படை, அதாவது அந்த அரசியின் நினைவாக எடுத்த கோயில். தன்னைப் பெறாத தாய்க்கு ராஜேந்திரன் காட்டிய மரியாதை அது. நாவலில் ‘பழுவூர் இளைய ராணி’ என்றால் நந்தினி. அழகான, ஆபத்தான, சோழ குலத்தை அழிக்க வந்த பெண். கல்லில் இருக்கிற பழுவூர் ராணியோ சோழ குலம் கோயில் எடுத்துக் கும்பிட்ட பெண். முதலாமவரைத் தெரியாத தமிழர் இல்லை. இரண்டாமவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

சோழர் காலத்துப் பெண்களைப் பற்றிப் படிக்க விரும்பினால் லெஸ்லி ஓர் 2000இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘டோனர்ஸ், டிவோட்டீஸ் அண்ட் டாட்டர்ஸ் ஆஃப் காட்’ நல்ல தொடக்கம். கோயில் பெண்களும் அரச குலப் பெண்களும் கொடுத்த கொடைகளைக் கல்வெட்டு கல்வெட்டாக எடுத்துவைத்துப் பேசுகிற புத்தகம். ராணி என்றால் மஞ்சத்தில் சாய்ந்து சதி யோசிப்பவள் என்ற பழக்கத்தை அது உடைத்துவிடும்.

*

கதை ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்து அரசன் மூன்றாம் ரிச்சர்டு, ஷேக்ஸ்பியர் நாடகத்தால் நானூறு வருடமாகக் கூனன், குழந்தைக் கொலைகாரன். 1924இல் அவனுக்காகப் பேச ஒரு சங்கமே தொடங்கினார்கள். 1951இல், கல்கி இங்கே வாரா வாரம் பழுவேட்டரையரை எழுதிக்கொண்டிருந்த அதே சமயம், ஜோசஃபின் டே என்ற பெண் எழுத்தாளர் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற போலீஸ் அதிகாரி பழைய ஆவணங்களை வரவழைத்து ரிச்சர்டு வழக்கை மறுவிசாரணை செய்வதுதான் கதை. 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றுக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மை, நாடகம் காட்டிய அளவுக்கு விகாரம் இல்லை. 2015இல் அந்த ஊர்த் தேவாலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

பழுவேட்டரையர்களுக்குச் சங்கம் இல்லை. ஆனால் அதற்குப் பக்கமாக ஒன்று நடந்தது. ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்கென்று யாகூவில் ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. அதில் சந்தித்துக்கொண்ட சில இளைஞர்கள் நாவல் நடந்த ஊர்களைப் பார்க்கப் போனார்கள். கலைக்கோவனிடம் கல்வெட்டும் கட்டடக்கலையும் கற்றார்கள். 2004இல் ‘வரலாறு டாட் காம்’ என்ற இணைய இதழைத் தொடங்கினார்கள். கல்கி ரசிகர்களாகப் போய்க் கல்வெட்டுப் படிக்கிறவர்களாகத் திரும்பியவர்கள். கல்கி மேல் எனக்குக் கோபம் வராததற்கு இவர்கள் ஒரு காரணம். அவர் எழுதாமல் இருந்திருந்தால் பழுவேட்டரையர் மேல் பழி இருந்திருக்காது. அந்தப் பெயரும் நாலு ஆய்வாளர்களைத் தாண்டி வெளியே வந்திருக்காது. பழியையும் தந்து, அதைத் துடைக்க ஆளையும் தந்தது ஒரே நாவல்.

கடைசியாக ஒரு புத்தகம், கொஞ்சம் கடினமானது. எ. சுப்பராயலுவின் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு ‘சவுத் இந்தியா அண்டர் தி சோழாஸ்’, 2012இல் வந்தது. சோழ நாட்டின் நாடு, கூற்றம், வளநாடு என்ற பிரிவுகளைப் பற்றியும், அதிகாரிகள் எப்படிப் பெருகினார்கள் என்பதைப் பற்றியும் பேசுவது. இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது. பழுவூர் குன்றக் கூற்றத்தில் இருந்தது. ராஜராஜன் வளநாடுகளை வகுக்கிறான், நிலத்தை அளக்கிறான், மையத்திலிருந்து அதிகாரிகளை அனுப்புகிறான். அவன் காலத்திலும் ராஜேந்திரன் காலத்திலுமாகப் பழைய சிற்றரசர் குடிகளின் பெயர் கல்வெட்டுகளில் மங்கிக்கொண்டே போகிறது. பழுவேட்டரையர்களும் அப்படியே காணாமல் போகிறார்கள். சதி இல்லை, வாள் இல்லை, தற்கொலை இல்லை. நிர்வாகம் மாறியது, தேவை தீர்ந்தது. நாவலின் நாயகன்தான் அந்த மாற்றத்தைச் செய்தவன். நாவலில் பழுவூரார் சோழரைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். நடந்தது பெரும்பாலும் தலைகீழ்: சோழப் பேரரசு வளர்ந்தது, பழுவூர் அதற்குள் கரைந்தது.

இது வாரத் தொடருக்கு ஆகாத முடிவுதான். ஆனால் இன்றைய அரியலூரில் நின்று பார்த்தால் ரொம்பப் பரிச்சயமான முடிவு. பழுவூர் என் நினைவு தெரிந்தே திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது, 2001இல் அரியலூருக்கு, அடுத்த வருடம் மறுபடி பெரம்பலூருக்கு, 2007இல் மறுபடி அரியலூருக்கு. ஊர் இடம் மாறவில்லை, மேலே எழுதுகிற பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

*

முதல் தடவை போனபோது இரட்டைக் கோயிலில் ஒரு மணி நேரம் இருந்தேன். மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில் இருக்கிறது. ஒரே வளாகத்துக்குள் இரண்டு கோயில், அதன் பழைய பெயர் அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம். குமரன் கண்டன் காலத்தில் எழுந்தது. மண்டபத்தில் உட்கார்ந்த சிங்கங்கள் தூணைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தன. சுவர் முழுக்க எழுத்து. அன்றைக்கு எனக்கு அது வெறும் கோடுகள். ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த தடவை கலைக்கோவன் புத்தகத்தோடு போனேன். எல்லாம் படிக்க வரவில்லை. ‘கண்டன்’ என்ற நான்கு எழுத்துச் சங்கதியை மட்டும் விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். கல் வெயிலில் சூடாக இருந்தது.

திரும்பும்போது அதே டீக்கடை. அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. நானே ஞாபகப்படுத்தினேன்.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்கண்ணே. கொன்னவங்க பேரு கல்வெட்டுல இருக்கு. அதுல உங்க ஊர்ப் பேரு இல்ல. ராஜராஜனோட கொள்ளுப்பாட்டியே உங்க ஊர்ப் பொண்ணுதான்.”

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். “அப்டீங்களா?” என்றார். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். ஒரு லாரி போனது.

“அப்ப இத ஒரு போர்டுல எழுதிக் கோயில்கிட்ட வெக்கச் சொல்லுங்க தம்பி. படம் பாத்துட்டு வர்றவங்கள்லாம் எங்கிட்டதான் கேக்குறாங்க.”